கோடை விடுமுறையில் ஆராதனையும் காணிக்கையும்

தமிழ் அகப்பொருள் இலக்கணம் பாலைத்திணைக்கு வேனிலையும் நண்பகலையும் உரிய பொழுதாக வகுத்து, பிரிவை அதன் உரிப்பொருளாக்கிற்று. வெயில் முறுகிய நாட்களிலே தலைவன் பொருள்வயிற் பிரிந்து சுரங்கடந்து செல்வதும், தலைவி இல்லிலிருந்து நாளெண்ணுவதும் அத்திணைப் பாட்டுக்கள் பலவற்றின் பொருளாகும். இதனை வகுப்பிற் கற்ற அன்று, நம் கல்லூரி விடுமுறையும் வேனிலிலேயே வருகின்றது என்பதும், அவ்விடுமுறையில் நம்முட் பலர் ஒன்றனைப் பிரிந்தே வாழ்கின்றோம் என்பதும் என் நினைவிற்கு வந்தன. நாம் பிரிவது யாதெனின், ஆண்டின் ஏனைய திங்களெல்லாம் நாம் விடாது பங்குபெற்ற திருச்சபையின் ஆராதனையையே. ஆராதனையைப் பிரிந்தவன் காணிக்கையையும் உடன் பிரிகின்றான் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

பிறரைக் குறைகூறுமுன் என் கணக்கைச் சொல்லிவிடுகின்றேன். சென்ற கோடை விடுமுறையில் ஒன்பது ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன. அவற்றுள் யான் கோயிலுக்குச் சென்றவை நான்கே. எஞ்சிய ஐந்தனுள் இரண்டு பயணத்திற் கழிந்தன. ஒன்று உறவினர் இல்லத் திருமணத்திற்குச் சென்றுவந்த களைப்பிற் கழிந்தது. மற்றை இரண்டிற்கும் உறக்கமன்றி வேறு காரணம் இல்லை. சென்ற நான்கு நாட்களிலுங்கூடக் காணிக்கைப் பை என் முன் வந்தபோது, மாணாக்கனுக்கு வருவாய் ஏது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வெறுங்கையைப் பைக்குள் விட்டெடுத்தேன். இதே யான் கல்லூரி நாட்களில் நம் சிற்றாலயத்திற்கு ஒருநாளேனும் தவறியவன் அல்லேன். அப்படியாயின், இத்தனை நாளும் என்னை ஆலயத்திற்கு அழைத்துச் சென்றது என் பக்தியா, விடுதியின் மணியா? இக்கேள்வி ஆடி மாதம் வரை என்னை விடவில்லை. இக்கட்டுரை அக்கேள்வியிலிருந்து பிறந்தது.

விடுதியில் இதனைப்பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஓர் இரவு, என் வகுப்புத் தோழர் ஒருவர் திருவள்ளுவரையே தம் சாட்சியாக அழைத்தார். வான்சிறப்பு என்னும் அதிகாரத்திலே, வானம் வறண்டுவிடுமாயின் வானோர்க்கு எடுக்கும் விழாவும் நாட்பூசையும் நடைபெறா என்றும், தானமும் தவமும் உலகில் தங்கா என்றும் ஆசிரியர் உரைத்துள்ளார் அல்லரோ? ஆகவே கோடையிலே வழிபாடும் ஈகையும் குறைவது உலகியல்பு என வள்ளுவரே ஒப்புக்கொண்டார் என்பது தோழரின் வாதம். அவர் பேச்சுப் போட்டிகளிற் பரிசு பெறுபவர், உடனிருந்தோர் கைதட்டினர். எனக்கு அப்பொழுது விடை தோன்றவில்லை.

மறுநாள் நூலை விரித்துப் பார்த்தேன். அவ்வதிகாரம் மழையின் பெருமையைப் பேசவந்தது. மழை இன்றேல் உலகிற்கு நேரும் கேடுகளை அடுக்கிச் சொல்லுமிடத்து வழிபாடும் தானமும் அழிவதை ஆசிரியர் கேடாகவே எண்ணினார், இசைவாக அன்று. அன்றியும், ஒப்புரவறிதல் என்னும் அதிகாரத்திலே, கடமை இன்னதென்று அறிந்த தெளிவுடையோர் தமக்கு வளம் இல்லாத பருவத்திலும் பிறர்க்கு உதவுதலில் தளரார் என்று அவரே கூறுகின்றார். அங்கே அவர் ஆண்ட சொல் ‘பருவம்’ என்பது. செல்வம் சுருங்கிய காலம் என்பது உரையாசிரியர் கொண்ட பொருள். அச்சொல்லை மாற்றாது அப்படியே நம் கோடைப் பருவத்திற்கும் கொள்ளலாம் என்று தோழரிடம் சொன்னேன். அவர் சிரித்து, இஃது உன் வேதத்தில் உண்டா என்று கேட்டார். அதனால் அடுத்த சில வாரங்கள் பவுல் அப்போஸ்தலர் கொரிந்து சபைக்கு எழுதிய நிருபங்களை ஊன்றிப் படிக்கலானேன்.

கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் பதினாறாம் அதிகாரம் நம்மிற் பெரும்பாலோர் விரைந்து கடந்துசெல்லும் அதிகாரம். உயிர்த்தெழுதலைப்பற்றிய பதினைந்தாம் அதிகாரத்தின் முழக்கத்திற்குப் பின்னே அப்போஸ்தலர் திடீரெனப் பணத்தைப்பற்றிப் பேசுகின்றார். எருசலேமிலுள்ள ஏழை விசுவாசிகளுக்கென்று புறசாதிச் சபைகளிலெல்லாம் தர்மப்பணம் சேர்க்கும் முயற்சி அப்பொழுது நடைபெற்றுவந்தது. கலாத்தியா நாட்டுச் சபைகளுக்குத் தாம் பண்ணின திட்டத்தையே கொரிந்துவிற்கும் அவர் சொல்லுகின்றார். ஒவ்வொருவனும் வாரத்தின் முதல்நாள்தோறும் தனக்கு வாய்த்த வரவின்படி ஒரு பகுதியைத் தன்னிடத்திலேயே எடுத்துச் சேர்த்துவைத்தல் வேண்டும். தாம் வந்த பிறகு சேர்க்கத் தொடங்குதல் கூடாது என்பது அத்திட்டம்.

இந்தத் திட்டம் எந்தப் பருவத்திற்கு எழுதப்பட்டது என்பதை நோக்குதல் வேண்டும். அதே அதிகாரத்தின் எட்டாம் வசனத்திலே, பெந்தெகொஸ்தே பண்டிகை வரைக்கும் எபேசுவில் தங்கியிருக்கப்போவதாக அப்போஸ்தலர் அறிவிக்கின்றார். ஐந்தாம் அதிகாரத்தில் பஸ்காவையும் புளிப்பில்லாத அப்பத்தையும் அவர் எடுத்துக்காட்டுவதைக் கொண்டு, நிருபம் பஸ்காக் காலத்தையொட்டி எழுதப்பட்டதென்று அறிஞர் பலர் கருதுவர். ஆண்டு ஏறக்குறைய கி.பி. 54 அல்லது 55. எனவே நிருபம் எழுதப்பட்டது இளவேனிலில். ஆறாம் வசனத்திலே, தாம் வந்து ஒருவேளை மாரிகாலத்தை அவர்களோடு கழிக்கக்கூடும் என்கின்றார். இளவேனிலில் எழுதி மாரியில் வர எண்ணியவர், இடைப்பட்ட வாரங்களில் செய்க என்று கட்டளையிட்டாராயின், அவ்வாரங்கள் கோடை வாரங்களே அல்லவா? இந்த எளிய கணக்கை யான் அதுவரை போட்டுப் பார்த்ததில்லை. வாரந்தோறும் காணிக்கை எடுத்துவைத்தலைப்பற்றிப் புதிய ஏற்பாட்டில் நாம் காணும் கட்டளை முதன்முதல் நடைமுறைக்கு வரவேண்டியிருந்தது ஒரு கோடையிலே.

அதுவும் கொரிந்துவின் கோடை. கிழக்கே கெங்கிரேயா, மேற்கே லெகேயம் என இரு துறைமுகங்களைத் தன் இருபுறமும் கொண்ட நகரம் அது. மாரிகாலத்தில் மத்தியதரைக் கடலிற் கப்பல்கள் ஓடுவதில்லை. கார்த்திகை முதல் மாசிவரை கடல் அடைபட்டதுபோலவே இருக்கும். இளவேனிலிற் கடல் திறந்தால் இலையுதிர்காலம் வரையிலுமே வாணிகம். கப்பலிறக்குவோர், சுமை சுமப்போர், தரகர், விடுதி நடத்துவோர் அனைவர்க்கும் ஆண்டு முழுமைக்கும் வேண்டிய ஊதியம் அம்மாதங்களிலே கிடைத்தாக வேண்டும். அதனோடு ஈராண்டுக்கு ஒருமுறை இளவேனிலில் இஸ்துமிய விளையாட்டு விழாவும் அந்நகரின் அருகே நடக்கும். அடிமைகளும் அச்சபையில் இருந்தனர். அவர்களுக்குத் தம் நேரமே தம்முடையதன்று. ஆராதனைக்கு நேரமில்லை, காணிக்கைக்கு மனமில்லை என்று சொல்வதற்கு எல்லாவகைச் சாக்கும் உடைய மாதங்கள். அம்மாதங்களுக்கென்றே அப்போஸ்தலர் எழுதினார்.

‘தன்னிடத்திலே’ என்னும் சொல் எனக்கு மிகவும் பிடித்தது. கொண்டுவந்து கொடு என்று மட்டும் அவர் சொல்லியிருப்பின், வாராதவன் கொடாதவனாவான், வழிப்போக்கன் வாளாவிருப்பான். தன்னிடத்திலே வை என்றமையால், கப்பலோடு சென்றவனும், எசமானன் வீட்டில் அடைபட்ட அடிமையும், நோயிற் கிடந்தவனும் அந்த நாளுக்கு உட்பட்டவர்களாயினர். அந்தியோகியாவிற் பிரசங்கித்த யோவான் கிறிசோஸ்தம் நான்காம் நூற்றாண்டின் இறுதியில் இப்பகுதியை விளக்குமிடத்து, வீட்டிலே ஜெபம்பண்ணும் இடத்தருகில் ஏழைகளுக்கென்று ஒரு சிறு பேழை வைத்துக்கொள்ளுமாறு தம் சபையாருக்கு அறிவுரை கூறினார். ஜெபத்திற்கு நிற்கும்பொழுதெல்லாம் முதலில் அதில் ஏதேனும் இடுக என்பது அவர் சொன்ன முறை.

இதைப் படித்தபொழுது எங்கள் வீட்டு அடுக்களையிலுள்ள கலயம் என் கண்முன் நின்றது. திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவர்க்குக் கைப்பிடி அரிசி காணிக்கையை விளக்க வேண்டியதில்லை. பிற பகுதிகளிலிருந்து வந்து பயிலும் நண்பர்கள் பொருட்டுச் சொல்லுகின்றேன். சோறு சமைக்க அரிசி அளந்தெடுக்கும் ஒவ்வொரு வேளையும் அதிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் இட்டுவைப்பர். கலயம் நிறைந்ததும், அல்லது குறித்த ஞாயிறன்று, அது கோயிலுக்குப் போகும். எங்கள் ஆச்சி அறுபது ஆண்டுகளாக இதனைச் செய்துவருகின்றார். அவர் கொரிந்தியர் நிருபத்திற்கு உரை கண்டவர் அல்லர். கிறிசோஸ்தம் என்னும் பெயரைக் கேட்டவரும் அல்லர். ஆனால் கோடையில் உறவினர் வீட்டுத் திருமணத்திற்குப் போய் நான்கு நாள் தங்கித் திரும்பினால், வீட்டிற் கால்வைத்ததும் எட்டு வேளைக்குரிய எட்டுப் பிடியை எண்ணிக் கலயத்தில் இடுவார். ‘நாம் வேற்றூரில் உண்டோம் என்பதற்காக, அரிசி வாங்குகிறவர்கள் உண்ணாமல் இருந்தார்களா?’ என்று ஒருமுறை என்னைக் கேட்டார். சென்ற கோடையில் அவர் எட்டுப் பிடியை எண்ணிய அதே திருமணத்திற்கு யானும் சென்றிருந்தேன். என் களைப்பையும் அவர் கணக்கையும் ஒருங்கே வைத்துப் பார்க்கையில் வெட்கமே உண்டாகின்றது.

இனி, கொரிந்து சபையார் என்ன செய்தனர் என்பதைக் காண்போம். அவர்கள் செய்து முடிக்கவில்லை. இரண்டாம் நிருபத்தின் எட்டாம் ஒன்பதாம் அதிகாரங்கள் இதற்குச் சான்று. போன வருஷத்தில் ஆர்வத்தோடு தொடங்கினீர்களே, இப்பொழுது அதை நிறைவேற்றுங்கள் என்னும் கருத்தை அப்போஸ்தலர் மிகவும் பக்குவமாக எடுத்துரைக்கின்றார். கொரிந்துவின் ஆர்வத்தை மக்கெதோனியரிடம் புகழ்ந்துபேசி அவர்களை ஊக்கிவிட்டு, இப்பொழுது மக்கெதோனியர் தம்முடன் வந்து கொரிந்துவின் கை வெறுங்கையென்று காணின் தமக்கும் அவர்களுக்கும் வெட்கமாகுமே என அஞ்சித் தீத்துவையும் வேறு சகோதரரையும் முன்னதாகவே அனுப்பினார். மக்கெதோனியரோ கொடிய தரித்திரத்தில் இருந்தவர்கள். அவர்கள் தங்கள் திராணிக்கு மிஞ்சியும் கொடுத்ததாகவும், பணத்திற்கு முன் தங்களையே கர்த்தருக்கு ஒப்புக்கொடுத்ததாகவும் அவர் எழுதுகின்றார். துறைமுக ஊதியம் பெற்ற நகரம் பின்தங்கியது, வறியோர் முந்திக்கொண்டனர்.

கொரிந்து ஏன் பின்தங்கியது? கோடை வாணிகத்தின் பரபரப்பே காரணம் என்று சொல்ல எனக்கு ஆசைதான். கட்டுரைக்கும் அது பொருந்தும். ஆனால் நிருபம் காட்டுவது வேறு. இடைக்காலத்தில் அப்போஸ்தலருக்கும் அச்சபைக்கும் கடுமையான மனத்தாங்கல் நேர்ந்தது. துக்கமான ஒரு வருகையையும், கண்ணீரோடு எழுதிய ஒரு நிருபத்தையும்பற்றி இரண்டாம் அதிகாரம் பேசுகின்றது. மனம் பிரிந்தது, கை மடங்கிற்று. பணம் நின்றதைச் சரிசெய்யுமுன் உறவைச் சரிசெய்யவே அவர் ஏழு அதிகாரங்களை எழுதினார். எட்டாவதில்தான் காணிக்கையின் பேச்சு மீண்டும் வருகின்றது. காணிக்கை குறைந்த சபைகளில் முதலிற் கணக்குப் புத்தகத்தைத் திறப்பவர்கள் இவ்வரிசையைச் சற்றே எண்ணிப் பார்ப்பார்களாக.

சொல்லாராய்ச்சியில் விருப்பமுடையோர்க்கு இன்னொரு செய்தி. ஒன்பதாம் அதிகாரத்தின் பன்னிரண்டாம் வசனத்திலே இத்தர்ம சகாயத்தைக் குறிக்க மூலமொழியில் ‘லெயிதூர்கியா’ என்னும் சொல் நிற்கின்றது. கிரேக்க நகரங்களிலே செல்வர் தம் சொந்தச் செலவில் ஊருக்குச் செய்யும் பொதுப்பணிக்கு, நாடகக் குழுவைப் பயிற்றுதல், போர்க்கப்பலைப் பேணுதல் முதலியவற்றிற்கு, அது பெயர். லூக்கா சுவிசேஷத்தின் தொடக்கத்தில் சகரியா தேவாலயத்தில் ஆசாரிய ஊழியஞ்செய்த நாட்களைச் சொல்லுமிடத்தும் அதே சொல் வருகின்றது. நம் ஆராதனை முறைமையை லிட்டர்ஜி என்று வழங்குகின்றோமே, அதன் வேரும் இதுவே. தூபங்காட்டிய ஆசாரியனின் பணிக்கும், கெங்கிரேயாத் துறையிற் சுமை தூக்கினவன் ஞாயிறன்று எடுத்துவைத்த காசுக்கும் ஒரே பெயர். ஆகவே ஆராதனை வேறு, காணிக்கை வேறு, பின்னது முன்னதன் இடையே நுழைந்த கணக்கு வேலை என்று எண்ணுதல் மூலநூலின் வழக்கிற்கு மாறானது.

எனினும் இதனைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்வாரும் உளர். வீட்டிலேயே எடுத்துவைத்தாற் போதுமென்று அப்போஸ்தலரே சொன்னபின் கோயிலுக்குப் போவானேன் என்பர். வாரத்தின் முதல்நாள் என்று அவர் குறித்ததன் காரணத்தை இவர்கள் நோக்குவதில்லை. அந்நாள் அக்கால உலகில் கூலி கொடுக்கும் நாளும் அன்று, ஓய்வு நாளும் அன்று. துரோவா பட்டணத்தில் சீஷர்கள் அப்பம் பிட்கக் கூடியது வாரத்தின் முதல்நாளில் என்று அப்போஸ்தலர் நடபடிகளின் இருபதாம் அதிகாரம் கூறும். கூடிவரும் நாளென்பதாலேயே அது எடுத்துவைக்கும் நாளாயிற்று. சபை கூடிவருதலைச் சிலர் விட்டுவிடுகின்ற வழக்கத்தை எபிரெயருக்கு எழுதின நிருபம் கண்டிக்கின்றது. அக்காலத்திலும் ‘சிலர்’ இருந்தனர் என்பது எனக்குச் சற்று ஆறுதலே.

தடை வேறு, சாக்கு வேறு. எங்கள் ஊர் தேரிமணலை அடுத்துள்ளது. முன்போற் பனைகள் இல்லை; ஏறுவோரும் குறைந்துவிட்டனர். எனினும் பங்குனி முதல் ஆடிவரை இன்னும் சிலர் குடும்பத்தின் பிழைப்பு பனையுச்சியிலேதான் இருக்கின்றது. பாளையை நாள்தோறும் மெல்லிதாகச் சீவிவிடல் வேண்டும். ஒருநாள் விடினும் வெட்டுவாய் காய்ந்து பதநீர் சுரப்பது தடைப்படும். கலயத்திற் சுண்ணாம்பு தடவாவிடின் பதநீர் புளித்துவிடும். இறக்கிய பதநீரை அன்றன்றே விடிலியிற் காய்ச்சிக் கருப்பட்டியாக்க வேண்டும். பனைமரம் ஞாயிற்றுக்கிழமையை அறியாது. எங்கள் கோயிலிற் கடைசி வரிசைக்குப் பின்னே ஒரு பெரியவர் வந்து நிற்பார். விடியுமுன் ஏறத் தொடங்கி, காலை ஏற்றத்தை முடித்து, குளித்து வெள்ளை வேட்டி கட்டி வருவதற்குள் முதற் பாட்டும் பாவ அறிக்கையும் முடிந்திருக்கும். மரத்தை அணைத்தேறி மார்பிலும் முழங்காலிலும் காய்ப்பேறிய அவர், பாட்டுப் புத்தகம் இன்றியே பாடுவார். ஆசீர்வாதம் முடிந்ததும் மாலை ஏற்றத்திற்குப் போய்விடுவார். யான் உறங்கிக் கழித்த இரண்டு ஞாயிறுகளிலும் அவர் அங்கு நின்றார் என்பதைப் பின்னர்க் கேட்டறிந்தேன். எனக்காக எந்த மரமும் காத்திருக்கவில்லை.

சில குடும்பங்கள் பதநீர்க் காலத்தில் இராமநாதபுரத்துப் பக்கம் குடிபெயர்ந்து சென்று, அங்குள்ள பனங்காடுகளிற் குத்தகைக்கு ஏறி, காலம் முடிந்தபின் ஊர் திரும்புவதும் உண்டு. அகப்பாட்டின் தலைவனைப்போல் இவர்களும் வேனிலிற் பொருள்வயிற் பிரிந்தோரே. அருகில் கோயில் இல்லாத இடமாயின், ஞாயிறு மாலையில் விடிலியின் முன் கூடி ஒரு பாட்டும் ஒரு ஜெபமுமாக முடிப்பர். திரும்பிவரும் நாளிலே அவர்களுள் ஓர் அம்மையார் சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்து, வாரக் கணக்காகச் சேர்த்த பணத்தை உபதேசியாரிடம் கொடுத்ததை யான் சிறுவனாயிருந்தபோது கண்டேன். அதற்குள் எவ்வளவு இருந்தது என்பது எனக்குத் தெரியாது. உபதேசியார் அதனை எண்ணுமுன் சற்றுநேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். ஏனெனில், கோடை மாதங்களில் உபதேசியார் குடும்பத்திற்கும் அடுப்பெரிதல் வேண்டும். பள்ளிக்கூடம் மூடும், கல்லூரி மூடும், கோயில் மூடுவதில்லை. நோயாளி வீட்டில் ஜெபமும், இறந்தோர்க்கு அடக்கமும், விளக்கெண்ணெயும், கூரையிற் பெயர்ந்த ஓட்டிற்குக் கூலியும் சித்திரை வைகாசியிலும் வந்துகொண்டேயிருக்கும்.

அறுப்பின் பண்டிகையில் மொத்தமாகக் கொடுத்துவிடுகின்றோமே என்பார்க்கு ஒரு வார்த்தை. பண்டிகையில் எனக்கும் மகிழ்ச்சியே. பந்தலின்கீழ் ஏலங்கூறும்பொழுது ஒரு பூசணிக்காய் சந்தை விலையைப்போற் பன்மடங்கு ஏறுவதும், ஒரு சேவற்கோழிக்கு இரண்டு செல்வர் விட்டுக்கொடாமல் மோதுவதும் காணத்தக்க காட்சியே. ஆனால் அந்த விலையில் எவ்வளவு கர்த்தருக்கு, எவ்வளவு பக்கத்து வீட்டாருக்கு என்று பிரித்தறிவது எளிதன்று. தாம் வந்தபின் சேர்க்க வேண்டாமென்று பவுல் அப்போஸ்தலர் விலக்கியதும் இத்தகைய ஆரவாரத்தைத்தானோ என்று ஐயுறுகின்றேன். பெரியவர் ஒருவர் வந்து நிற்கையில் எழும் உருக்கத்தை அவர் நம்பவில்லை. ஒருவரும் பாராத இருபது முப்பது ஞாயிறுகளை நம்பினார்.

அத்தகைய சிறு தொகைகள் எதுவரை செல்லும் என்பதற்கு நம் நாட்டிலேயே எடுத்துக்காட்டு உண்டு. 1903-ஆம் ஆண்டு பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியபொழுது, இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பதே அதன் கொள்கையாயிருந்தது. அயல்நாட்டுப் பணத்தை நாடுவதில்லை என்று உறுதிசெய்துகொண்டு, தெலுங்கு நாட்டுத் தோர்னக்கல் பகுதிக்கு ஊழியரை அனுப்பினர். அச்சங்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான வேதநாயகம் சாமுவேல் அசரியா அவர்கள் தாமே 1909-இல் தோர்னக்கலுக்குச் சென்று, 1912-இல் அதன் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர் அவரே. பிற்காலத்தில் கிறிஸ்தவ ஈகையைப்பற்றியே ஒரு நூலும் ஆங்கிலத்தில் எழுதினார். தேரிக்காட்டில் கோடை வெயிலிற் காய்ந்த ஒரு சபை வைகாசியிற் கையை மடக்கிக்கொண்டிருப்பின், நூற்றுக்கணக்கான கல் தொலைவிலே வேற்றுமொழி பேசுவோரிடையே இருந்த ஓர் ஊழியர் வீட்டில் அதன் விளைவு தெரிந்திருக்கும். அவரும் கோடைக்கு விடுமுறை பெற்றவர் அல்லர்.

மாணாக்கர்க்கு வருவாய் இல்லை என்னும் என் பழைய வாதத்திற்கு வருகின்றேன். வரவிற்குத் தக்கதாக என்பதே கட்டளை. வரவே இல்லையெனின் கட்டளையும் இல்லைதான். ஆனால் விடுமுறையில் நமக்கு வரவே இல்லையா? உறவினர் வீட்டிலிருந்து புறப்படும்பொழுது மாமா கையில் வைத்து அழுத்துவது யாது? பேருந்திற்குத் தந்த பணத்தில் மிச்சம் பிடித்துத் திரைப்படம் பார்ப்பது எவ்வரவிலிருந்து? அன்றியும், கோடையில் நமக்குப் பெருகிக் கிடக்கும் வரவு நேரமே. மே மாதத்தில் எங்கள் ஊரில் விடுமுறை வேதாகமப் பள்ளி நடக்கும்; பத்து நாள் பிள்ளைகளைக் கட்டிமேய்க்க ஆள் கிடைக்காமல் உபதேசியாரின் துணைவியார் வீடுவீடாகச் சென்று கேட்பார். சென்ற ஆண்டு எங்கள் வீட்டிற்கும் வந்தார். தேர்வெழுதிக் களைத்திருக்கிறேன் என்று விடையளித்தேன். தேர்வு முடிந்து அப்பொழுது மூன்று வாரம் ஆகியிருந்தது.

கொரிந்துவின் கதை அங்ஙனமே முடியவில்லை. ரோமருக்கு எழுதின நிருபத்தின் பதினைந்தாம் அதிகாரத்திலே, மக்கெதோனியரும் அகாயரும் எருசலேமின் ஏழைகளுக்குத் தர்மசகாயம் செய்ய மனமுவந்தனர் என்று அப்போஸ்தலர் எழுதுகின்றார். அகாயாவின் தலைநகர் கொரிந்து. அந்நிருபம் எழுதப்பட்டதும் கொரிந்துவிலிருந்தே என்பர். கெங்கிரேயா சபையின் ஊழியக்காரியாகிய பெபேயாளை அதில் அவர் பரிந்துரைப்பது அதற்கு ஒரு சான்று. அப்படியாயின், பிணக்கு நீங்கி, நின்றுபோன கணக்கு மீண்டும் தொடங்கி, ஓராண்டுக்கு மேற் பிந்தியேனும் பணம் சேர்ந்துவிட்டது. எருசலேமுக்கு அவருடன் புறப்பட்டோர் பெயர்களை நடபடிகள் நூல் வரிசையாகத் தருகின்றது. பெரேயா, தெசலோனிக்கே, தெர்பை, ஆசியா நாட்டார் அதில் உளர். கொரிந்து ஊரான் என்று ஒருவரும் குறிக்கப்படவில்லை. பணம் மட்டும் போயிற்று.

இவ்வாண்டும் நாட்காட்டியை எடுத்து, கல்லூரி மூடும் நாள் முதல் திறக்கும் நாள்வரை எண்ணிப் பார்த்தேன். ஒன்பது ஞாயிறுகளே வருகின்றன. இரண்டு ஞாயிறுகளில் யான் வெளியூரில் இருப்பேன்; அவ்வூர்களிற் கோயில் எங்கே, ஆராதனை எத்தனை மணிக்கு என்று எழுதிக் கேட்டிருக்கின்றேன். உபதேசியாரின் துணைவியாருக்கும் பத்து நாளுக்கு இசைந்து ஒரு கடிதம் எழுதியாயிற்று. ஆச்சியிடம் எனக்கென்று தனியே ஒரு கலயம் வேண்டுமென்று கேட்டேன். புதிதாக வாங்க வேண்டாம், பரணில் ஒன்று கிடக்கிறது, விளிம்பு சற்றே உடைந்தது, ஒன்பது வாரத்திற்குத் தாங்கும் என்று சொல்லியனுப்பியிருக்கிறார்.